சுருட்டிவைக்கும் சோலார் ஷீட் ஏன் இன்னும் வீட்டுக்கு வரவில்லை? கண்ணுக்குத் தெரியாத ஒரு படலத்தின் கதை

பாயைப் போலச் சுருட்டி எடுத்துப்போகலாம். வேன் கூரையில் ஒட்டலாம். தகரக் கொட்டகையின் மேல் விரித்துவிடலாம். கண்ணாடியும் அலுமினியச் சட்டமும் இல்லாத, வளைகிற சோலார் ஷீட் பற்றிய இந்தப் பேச்சு புதிதல்ல. கால் நூற்றாண்டாக நடக்கிறது. அவ்வப்போது ஏதாவது ஓர் ஆய்வகத்திலிருந்து 'புதிய சாதனை' என்று செய்தி வரும். கூடவே ஒரு படம்: கையுறை போட்ட விரல்கள் ஒரு கறுப்புத் துண்டை வளைத்துப் பிடித்திருக்கும். கடைக்குப் போய்க் கேட்டால் கிடைப்பதோ இன்னமும் கண்ணாடிப் பேனல்தான். 'ஃப்ளெக்சிபிள்' என்று ஆன்லைனில் விற்பவை பெரும்பாலும் மெல்லிய சிலிக்கான் செல்களை பிளாஸ்டிக்கில் வைத்து ஒட்டியவை. லேசாக வளையும். சுருட்டினால் போச்சு.

ஏன் இப்படி? செய்திகள் எல்லாம் ஒளியை மின்சாரமாக்கும் அடுக்கைப் பற்றியே பேசுகின்றன. பெரோவ்ஸ்கைட் என்கிற புதிய பொருள் 2009-ல் ஜப்பானில் 3.8 சதவீத செயல்திறனோடு தொடங்கி, இன்று ஆய்வகத்தில் 26 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. உண்மையிலேயே பெரிய விஷயம். ஆனால், அந்த அடுக்கில் பிறக்கிற மின்சாரத்தை வெளியே எடுத்துவர இன்னொரு அடுக்கு வேண்டும். அதைப் பற்றி யாரும் தலைப்புச் செய்தி போடுவதில்லை. வளைகிற சோலார் ஷீட் தடுக்கி விழுகிற முக்கியமான இடம் அதுதான்.

கண்ணாடியாகவும் இருக்கணும், கம்பியாகவும் இருக்கணும்

சோலார் செல் என்பது சாண்ட்விச் மாதிரி. நடுவில் ஒளியை உறிஞ்சும் பொருள். மேலும் கீழும் மின்சாரத்தைச் சேகரிக்க இரண்டு எலக்ட்ரோடுகள், அதாவது மின்முனைகள். பின்பக்க மின்முனைக்குக் கவலை இல்லை. ஒரு உலோகப் படலம் பூசினால் வேலை முடிந்தது. முன்பக்கம்தான் சிக்கல். வெயில் அதன் வழியாக உள்ளே போக வேண்டும். அதே வழியாக மின்சாரம் வெளியே வர வேண்டும்.

இயற்கையில் இந்த இரண்டு குணங்களும் ஒன்றுக்கொன்று ஆகாது. உலோகம் மின்சாரத்தைக் கடத்துவதற்குக் காரணம், அதில் கட்டுப்பாடின்றித் திரியும் எலக்ட்ரான்கள். அதே எலக்ட்ரான்கள்தான் ஒளியைத் திருப்பி அடிக்கின்றன. செம்பும் வெள்ளியும் பளபளப்பது அதனால்தான். கண்ணாடியில் அப்படித் திரியும் எலக்ட்ரான் கிடையாது. அதனால் ஒளி ஊடுருவும், மின்சாரம் ஓடாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு சமரசப் பொருள் வேண்டும்.

அப்படி ஒன்று இருக்க முடியும் என்று முதலில் காட்டியவர் கார்ல் பேடெகர் என்ற ஜெர்மானிய இயற்பியலாளர். 1907-ல் காட்மியம் ஆக்சைடு படலம் ஒளியையும் விட்டு மின்சாரத்தையும் கடத்துவதைப் பதிவு செய்தார். (உலகப் புகழ்பெற்ற 'பேடெகர்' பயண வழிகாட்டிகளை வெளியிட்டவரின் பேரன் இவர். தாத்தாவின் பெயர் நிலைத்த அளவுக்குப் பேரனின் பெயர் நிலைக்கவில்லை.) பிறகு வெள்ளீய ஆக்சைடு வந்தது, விமானங்களின் முன்கண்ணாடியில் பனி உறையாமல் சூடாக்கப் பயன்பட்டது. கடைசியில் களத்தை வென்றது இண்டியம் டின் ஆக்சைடு. சுருக்கமாக ஐடிஓ. எடையில் சுமார் 90 சதவீதம் இண்டியம் ஆக்சைடு, 10 சதவீதம் டின் ஆக்சைடு.

இந்த வரியை எந்தத் திரையில் படிக்கிறீர்களோ, அநேகமாக அந்தத் திரைக்குள்ளும் ஐடிஓ இருக்கிறது. நூறு, நூற்றைம்பது நானோமீட்டர் தடிமன். தலைமுடியின் தடிமனில் பல நூறில் ஒரு பங்கு.

போனுக்குப் போதும், வெயிலுக்குப் போதாது

இங்கேதான் பலரும் கேட்பார்கள்: மடிக்கிற போனே வந்துவிட்டது, மடிக்கிற சோலார் வரக் கூடாதா? நியாயமான கேள்வி. பதில், எவ்வளவு மின்சாரம் அந்தப் படலத்தில் ஓடுகிறது என்பதில் இருக்கிறது.

டச் ஸ்கிரீனுக்கு விரல் பட்ட இடம் தெரிந்தால் போதும். துளி அளவு மின்சாரம். சோலார் செல்லில் அப்படி இல்லை. ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் பிறக்கிற மின்சாரம் முழுவதும் இந்த மெல்லிய படலத்தின் வழியே பக்கவாட்டில் பயணம் செய்து ஓரத்துக்கு வர வேண்டும். வழியில் தடை அதிகம் என்றால் மின்சாரம் வெப்பமாகி வீணாகும்.

இந்தத் தடையை 'ஷீட் ரெசிஸ்டன்ஸ்' என்கிறார்கள். அலகு, 'ஒரு சதுரத்துக்கு இத்தனை ஓம்'. எத்தனை பெரிய சதுரம் என்று கேட்க வேண்டாம். தபால்தலை அளவானாலும் மேஜை அளவானாலும், ஒரே படலத்தில் வெட்டிய சதுரத்துக்கு ஒரே தடைதான். நீளம் கூடும்போது தடை கூடும், அகலம் கூடும்போது குறையும். சதுரத்தில் இரண்டும் சரிக்குச் சரி.

கண்ணாடி மேல் பூசிய நல்ல ஐடிஓ-வுக்கு இது 10 முதல் 15 ஓம். பிளாஸ்டிக் மேல் பூசியதற்கு 40, 50, சில சமயம் அதற்கும் மேல். காரணம், ஐடிஓ நன்றாகப் படிகமாக 200, 300 டிகிரி வெப்பம் வேண்டும். பெட் பிளாஸ்டிக், அதாவது தண்ணீர் பாட்டில் செய்கிற அதே பொருள், 150 டிகிரியிலேயே சுருங்கிக் கோணிவிடும். அடுப்பைக் குறைத்துச் சமைத்தால் சோறு அரைவேக்காடுதான்.

சின்னக் கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 20 மில்லி ஆம்பியர், 0.9 வோல்ட் தருகிற செல். பட்டையின் அகலம் 1 சென்டிமீட்டர். 15 ஓம் படலம் என்றால் உற்பத்தியாகும் மின்சாரத்தில் சுமார் 11 சதவீதம் படலத்திலேயே வெப்பமாகப் போய்விடும். பிளாஸ்டிக் மேல் இருக்கிற 50 ஓம் படலம் என்றால் அதே கணக்கில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகும். வெயிலில் இருந்து பாடுபட்டு எடுத்ததில் மூன்றில் ஒரு பங்கு, வாசலைத் தாண்டும் முன்பே காலி.

இதற்கு ஒரு வழி உண்டு. பட்டையைக் குறுக்குவது. இழப்பு அகலத்தின் இருமடிப் பெருக்கத்தில் போகிறது. அரை சென்டிமீட்டர் ஆக்கினால் இழப்பு நான்கில் ஒரு பங்காகக் குறையும். 50 ஓம் படலத்திலும் 9 சதவீதத்துக்கு வந்துவிடும். ஆனால், ஒவ்வொரு பட்டைக்கும் இடையில் லேசரால் கோடு போட்டுப் பிரித்து, பக்கத்துப் பட்டையோடு இணைக்க வேண்டும். அந்தக் கோடுகள் விழும் இடத்தில் மின்சாரம் பிறக்காது. பட்டை குறுகக் குறுக, வெயில் வாங்காத இடம் கூடும். ஒருபக்கம் இழுத்தால் மறுபக்கம் குட்டையாகும் போர்வை.

'சாதனை' செய்திகளைக் கொஞ்சம் சந்தேகத்தோடு படிக்க வேண்டும் என்பது இதனால்தான். ஆய்வகச் செல் பல நேரங்களில் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. அந்த அளவில் படலத்தின் தடை பெரிதாகத் தெரியாது. அதையே ஒரு கதவு அளவுக்குப் பெரிதாக்கும்போதுதான் படலம் தன் வேலையைக் காட்டும்.

வளைத்தால் விரியும் கீறல்

அடுத்தது, வளைப்பது. ஐடிஓ ஒரு செராமிக். பீங்கான் தட்டுக்கு உறவு. ஒன்று, இரண்டு சதவீதம் இழுபட்டாலே கீறல் விடும். கீறல் விழுந்தால் படலம் தீவு தீவாகப் பிரியும். மின்சாரம் போக வழி இருக்காது.

ஒரு சதவீதம் என்பது எவ்வளவு? 0.1 மில்லிமீட்டர் தடிமனுள்ள பிளாஸ்டிக் ஷீட்டை 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள குச்சியைச் சுற்றி வளைத்தால் அதன் வெளிப்புறம் சரியாக ஒரு சதவீதம் நீளும். அவ்வளவுதான். ஒரு தடித்த ஸ்கெட்ச் பேனாவைச் சுற்றிச் சுருட்டினாலே ஐடிஓ ஆபத்துக் கோட்டைத் தொட்டுவிடும். ஒருமுறை தாங்கினாலும், தினமும் விரித்துச் சுருட்டினால் சின்னக் கீறல்கள் சேர்ந்து பெரிதாகும்.

பொறியாளர்கள் இதற்கும் ஒரு உபாயம் வைத்திருக்கிறார்கள். ஷீட்டை நாலில் ஒரு பங்காக மெல்லியதாக்கினால் இழுபடுவதும் நாலில் ஒரு பங்குதான். அல்லது, படலத்தை இரண்டு பிளாஸ்டிக் தாள்களுக்கு நட்டநடுவில் வைப்பது. வளைக்கும்போது வெளிப்பக்கம் நீளும், உள்பக்கம் சுருங்கும். நடுவில் இருப்பது நீளவும் செய்யாது, சுருங்கவும் செய்யாது. கெட்டிக்காரத்தனமான வழிதான். ஆனால், அத்தனை மெல்லிய தாள் காற்றுக்கும் மழைக்கும் இருபது வருஷம் தாங்குமா என்பது வேறு கேள்வி.

பெயரில் இந்தியா, கையில் சீனா

இண்டியம் என்ற பெயரைப் பார்த்து இது ஏதோ நம்மூர் உலோகம் என்று நினைக்க வேண்டாம். 1863-ல் ஜெர்மனியின் ஃப்ரைபெர்க் சுரங்க நகரில் ஃபெர்டினாண்ட் ரைஷ் என்பவர் துத்தநாகத் தாதுவை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவருக்கு நிறம் பிரித்துப் பார்க்க வராது. அதனால் நிறமாலையைப் பார்க்கும் வேலையை உதவியாளர் தியோடர் ரிக்டரிடம் கொடுத்தார். ரிக்டர் கண்டது, அதுவரை யாரும் பார்க்காத பளிச்சென்ற அவுரி நீலக் கோடு. அவுரி நீலத்துக்கு ஐரோப்பியர் வைத்த பெயர் 'இண்டிகோ'. இந்தியாவிலிருந்து போன சாயம் என்பதால் அந்தப் பெயர். அதிலிருந்து இண்டியம். சொந்தம் அதோடு சரி.

இண்டியத்துக்கென்று தனிச் சுரங்கம் தோண்டி எடுப்பது கிட்டத்தட்டக் கிடையாது. துத்தநாகம் உருக்கும்போது துணைப்பொருளாகக் கிடைக்கும். இதன் விளைவு விசித்திரமானது: இண்டியம் விலை ஏறினாலும் உற்பத்தி உடனே கூடாது, ஏனென்றால் யாரும் இண்டியத்துக்காகத் துத்தநாகத்தை அதிகம் தோண்டப் போவதில்லை. உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ ஆயிரம் டன் சுத்திகரிக்கப்படுகிறது. அதில் பாதிக்கு மேல் சீனாவில். 2025 பிப்ரவரியில் சீனா ஐந்து உலோகங்கள் தொடர்பான பொருட்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. டங்ஸ்டன், டெல்லூரியம், பிஸ்மத், மாலிப்டினத்தோடு இண்டியமும் அந்தப் பட்டியலில் இருந்தது.

தொழிலாளிகள் பக்கமும் ஒரு கணக்கு இருக்கிறது. ஐடிஓ கட்டிகளை அறுத்துத் தேய்க்கும்போது வரும் நுண்தூசியைச் சுவாசித்தால் நுரையீரல் தழும்பேறிப் போகும். ஜப்பானில் அப்படி வேலைபார்த்த 27 வயது இளைஞர் 2001-ல் இறந்தார். அதன் பிறகுதான் 'இண்டியம் நுரையீரல்' என்பது மருத்துவ உலகின் கவனத்துக்கே வந்தது. முடிந்த ஷீட்டைக் கையில் பிடிப்பவருக்கு ஆபத்தில்லை. தொழிற்சாலையை இங்கே கொண்டுவர நினைக்கும் அரசுகள்தான் இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மாற்று என்ன?

வரிசையில் நிற்பவர்கள் நிறைய. கிராஃபீனில் தொடங்கலாம், ஏனென்றால் அதிகம் பேசப்பட்டதும் குறைவாக நடந்ததும் அதில்தான். ஒரே ஒரு அணு தடிமனுள்ள கார்பன் தாள். ஒளியில் 2.3 சதவீதத்தை மட்டுமே பிடித்துவைக்கும், நன்றாக வளையும். 2010-ல் கண்டுபிடிப்பாளர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டு தென்கொரிய ஆய்வாளர்கள் 30 அங்குலத் தாளை உருளையில் ஓட்டிக் காட்டினார்கள். நான்கு அடுக்கு சேர்த்து, வேதிப்பொருள் ஏற்றி, 90 சதவீத ஒளி ஊடுருவலில் சுமார் 30 ஓம் வரை வந்தது. டச் ஸ்கிரீனுக்கு அது தாராளம். சோலாருக்கு இன்னும் மூன்றில் ஒரு பங்காகக் குறைய வேண்டும். அதைவிடப் பெரிய தலைவலி, செம்புத் தகட்டில் வளர்த்த அணு தடிமன் தாளைக் கிழியாமல் பிளாஸ்டிக்குக்கு மாற்றுவது. கிராஃபீன் சோலாரைக் காப்பாற்றும் என்ற பேச்சை இப்போதைக்கு ஒதுக்கி வைப்பதே நல்லது.

மின்சாரம் கடத்தும் பிளாஸ்டிக் இன்னொன்று. பெடாட்-பிஎஸ்எஸ் என்று பெயர். இந்தத் துறைக்கு வழிதிறந்த மூவரும் 2000-ல் வேதியியல் நோபல் பெற்றார்கள். மை மாதிரி அச்சடிக்கலாம், ரப்பர் போல வளையும். ஆனால் அமிலத்தன்மை உண்டு, ஈரத்தை இழுக்கும். சென்னைக் காற்றுக்கு இது போதும் அதன் ஆயுளை முடிக்க.

நம்பிக்கை தருவது வெள்ளி நானோவயர். தலைமுடியைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் மெல்லிய வெள்ளிக் கம்பிகள். மையில் கலந்து தெளித்தால், கொட்டிய வைக்கோல் மாதிரி குறுக்கும் நெடுக்குமாக விழுந்து வலையாகும். இடைவெளியில் ஒளி போகும், கம்பியில் மின்சாரம் போகும். வளைத்தால் கம்பி சற்றே நகர்ந்து கொடுக்குமே தவிர உடையாது. கண்ணாடி ஐடிஓ-வுக்கு இணையான எண்கள் கிடைக்கின்றன, அதுவும் அடுப்பு இல்லாமலே.

கம்பிகள் ஒன்றையொன்று தொடும் இடங்களில்தான் தடை. அங்கே பற்றவைக்க வேண்டும். அழுத்தியும் சூடாக்கியும் செய்கிறார்கள். வெறும் ஒளியைப் பாய்ச்சியே அந்தச் சந்திப்புகளை மட்டும் உருக்கலாம் என்று ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2012-ல் காட்டினார்கள். இரண்டாவது சிக்கல் இன்னும் பிடிவாதமானது. பெரோவ்ஸ்கைட்டில் அயோடின் இருக்கிறது. அயோடினும் வெள்ளியும் சேர்ந்தால் வெள்ளி அயோடைடு. அது மின்சாரம் கடத்தாது. ஆகச் சிறந்த செல் பொருளும் ஆகச் சிறந்த வளையும் மின்முனையும் ஒன்றையொன்று தின்னும். நடுவில் ஒரு காப்பு அடுக்கு போட்டுப் பிரித்து வைக்கிறார்கள். அந்தக் காப்பில் ஒரு ஊசித் துளை இருந்தாலும் ஆட்டம் முடிந்தது.

பெங்களூருவிலிருந்து வந்த வழி வேறு மாதிரி. ஜவாஹர்லால் நேரு உயர் ஆய்வு மையத்தில் ஜி.யு.குல்கர்னியின் குழு, வற்றிய ஏரியின் சேறு வெடிப்பதைப் போல ஒரு திரவப் படலத்தைக் காயவிட்டு வெடிக்கச் செய்தது. அந்த வெடிப்புகளில் உலோகத்தை இறக்கி, பிறகு மிச்சப் படலத்தைக் கழுவி எடுத்தால், ஒன்றோடொன்று தொடர்பு அறாத உலோக வலை மிஞ்சும். விலை உயர்ந்த லித்தோகிராஃபி இயந்திரம் வேண்டாம். நானோவயரில் இருக்கும் 'சந்திப்பு' தடையும் இல்லை, ஏனென்றால் முழு வலையும் ஒரே வார்ப்பு. செம்பு, வெள்ளி, தங்கம் என எந்த உலோகத்தையும் போடலாம். இண்டியம் ஒரு துளியும் தேவையில்லை.

யாருக்கு அவசரம்?

ஜப்பானுக்கு. பேனல் வைக்கச் சமநிலம் குறைவு. பல கூரைகள் கண்ணாடிப் பேனல் எடையைத் தாங்காது. கூடவே பெரோவ்ஸ்கைட்டுக்கு வேண்டிய அயோடின் உற்பத்தியில் உலகில் இரண்டாமிடம். அதனால் 2040-க்குள் 20 ஜிகாவாட் அளவுக்குப் பெரோவ்ஸ்கைட் என்று இலக்கு வைத்திருக்கிறது. செகிசுய் கெமிக்கல் நிறுவனம் ஃபிலிம் வகைக்கென்றே 2025 ஜனவரியில் தனி நிறுவனம் தொடங்கியது.

இந்தியாவுக்கும் அதே எடைப் பிரச்சினை இருக்கிறது என்பது இங்கே யாரும் அதிகம் பேசாத விஷயம். வழக்கமான கண்ணாடிப் பேனல் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 11 கிலோ. கான்கிரீட் மாடிக்கு அது ஒன்றுமில்லை. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட சிறுதொழில் பட்டறைக்கும், தகரக் கூரை வீட்டுக்கும், கோழிப் பண்ணைக்கும் அது பெரும் சுமை. மின்கட்டணம் அதிகம் உறுத்துகிற இடங்களில் பலவும் இந்தக் கூரைகளின் கீழேதான் இருக்கின்றன. இதுவரையிலான சோலார் திட்டங்கள் மாடி உள்ளவரை மனதில் வைத்தே எழுதப்பட்டவை.

தமிழ்நாட்டில் தின்-ஃபிலிம் சோலார் இல்லாமல் இல்லை. 2024 ஜனவரியில் காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஃபர்ஸ்ட் சோலார் திறந்த 3.3 ஜிகாவாட் ஆலை அந்த ரகம்தான். ஊடுருவும் மின்முனை பூசிய கண்ணாடியின் மேல் காட்மியம் டெல்லூரைடு. ஆனால் அது கண்ணாடி, வளையாது. வளையும் ஷீட்டுக்கு வேண்டிய பூச்சுத் தொழில் தனி. அதற்கான ஆய்வு பெங்களூருவில் இருக்கிறது, கூரைகள் ஊரெங்கும் இருக்கின்றன, நடுவில் தொழிற்சாலை இல்லை. செல் தயாரிப்புக்கு ஊக்கத்தொகை தரும் அரசு, மின்முனைப் படலத்தையும் ஈரம் தடுக்கும் ஃபிலிமையும் 'உதிரிப் பொருள்' என்று தள்ளிவைத்தால், நாளை பேனலுக்குப் பதிலாகப் படலத்தை இறக்குமதி செய்துகொண்டிருப்போம்.

அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 2001-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் கொனார்கா என்ற நிறுவனம் தொடங்கியது. ஒடிசாவின் கொனார்க் சூரியக் கோயிலின் பெயர்தான். நிறுவனத்துக்கு வித்திட்டவர்களில் ஒருவரான சுகந்த் திரிபாதி இந்தியாவில் பிறந்தவர். கடத்தும் பிளாஸ்டிக்குக்கு நோபல் பெற்ற ஆலன் ஹீகரும் நிறுவனர்களில் ஒருவர். போலராய்டு ஃபிலிம் தயாரித்த பழைய ஆலையை எடுத்து, உருளையில் சோலார் ஷீட் ஓட்டினார்கள். 17 கோடி டாலருக்கு மேல் முதலீடு வந்தது. செயல்திறன் குறைவு, ஆயுள் குறைவு. அதற்குள் சீன சிலிக்கான் பேனல் விலை தரையைத் தொட்டது. 2012-ல் திவால்.

எனவே அடுத்தமுறை 'வளையும் சோலாரில் சாதனை' என்று நோட்டிஃபிகேஷன் வந்தால், சதவீதத்தோடு நிறுத்தாமல் கீழே ஸ்க்ரோல் செய்து பார்க்கலாம். செல்லின் பரப்பு எத்தனை சதுர சென்டிமீட்டர்? எவ்வளவு இறுக்கமாக, எத்தனை ஆயிரம் முறை வளைத்தார்கள்? முன்பக்க மின்முனை எது, அதில் இண்டியம் உண்டா? 85 டிகிரி வெப்பம், 85 சதவீத ஈரப்பதத்தில் 1,000 மணி நேரம் வைத்த பிறகு எவ்வளவு மிஞ்சியது? கண்ணாடிப் பேனல்கள் எல்லாம் இந்தக் கடைசிச் சோதனையைத் தாண்டித்தான் கடைக்கு வருகின்றன.